விழும்போது எடை எங்கே போகிறது?

டோக்கியோ நகரத்தின் நடுவே, கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மத்தியில் ஒரு ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. பெயர் தண்டர் டால்ஃபின். ஊருக்கு வெளியே பெரிய மைதானத்தில் ரோலர் கோஸ்டரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் துணிச்சல் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். 80 மீட்டர் உயரம் ஏறுகிறது. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. வழியில் ஒரு கட்டடத்தில் விட்டிருக்கும் பெரிய ஓட்டைக்குள் நுழைந்து மறுபக்கம் வருகிறது. போதாக்குறைக்கு, பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ராட்சத ராட்டினத்தின் நட்டநடுவிலும் புகுந்து போகிறது.

ராட்டினத்தின் நடுவில் அச்சு இருக்குமே, அங்கே எப்படிப் புக முடியும்? கொஞ்சம் பொறுங்கள், அதற்கும் வருகிறேன்.

கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த நண்பர்கள் சேர்ந்து விடுமுறைக்கு ஜப்பான் போயிருந்தோம். ஒருவன் காது மூக்கு தொண்டை டாக்டர். இன்னொருவன் கட்டடப் பொறியாளன். மற்றொருவன் வங்கி அதிகாரி. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். இப்படி ஒரு கூட்டம் தீம் பார்க்குக்குப் போனால் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் வகுப்பு நடக்கும். பாவம், வங்கிக்காரன்தான் மாட்டிக்கொண்டான். ஆனால் உருப்படியான கேள்விகளை எல்லாம் கேட்டவனும் அவன்தான்.

தண்டர் டால்ஃபினிலிருந்து இறங்கியதும், கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அவன் கேட்டான்: "கியோட்டோவிலிருந்து புல்லட் ரயில்ல வந்தோம். 285 கிலோமீட்டர் வேகம்னு சொன்னீங்க. எனக்குத் தூக்கம்தான் வந்தது. இது அதுல பாதிகூட இல்ல. இதுல மட்டும் ஏன்டா வயிறு வாய்க்கு வருது?"

வேகத்தை உணர நம் உடம்பில் ஓர் உறுப்பும் கிடையாது என்பதுதான் விடை. நம்பிக்கை வரவில்லையா? இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த நொடியில் பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. உங்களையும் கூட்டிக்கொண்டுதான். ஏதாவது தெரிகிறதா? சீரான வேகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உடம்புக்கு அது சும்மா இருப்பதுதான். வேகம் கூடும்போதும், குறையும்போதும், திசை திரும்பும்போதும் மட்டுமே உடம்பு விழித்துக்கொள்கிறது. இந்த மாற்றத்தைத்தான் உங்கள் பாடப் புத்தகம் முடுக்கம் என்கிறது.

அதை உணரும் கருவி எங்கே இருக்கிறது என்பதை டாக்டர் சொன்னான். செவிப்பறையையும் தாண்டி உள்ளே, மண்டை எலும்புக்குள், திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை அவை சொல்லும். அவற்றை ஒட்டி இரண்டு சிறு பைகள். பைகளுக்குள் நுண்மயிர் கொண்ட செல்கள். மயிர்களின் மேல் ஒரு கூழ்ப்படலம். அந்தப் படலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத துகள்கள். துகள்கள் எதனால் ஆனவை தெரியுமா? கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லிலும் முட்டை ஓட்டிலும் இருக்கிற அதே பொருள்.

"காதுக்குள்ள கல்லா?" என்று வங்கிக்காரன் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கல்தான். வண்டி சட்டென்று முன்னே பாயும்போது தலையும் கூடப் பாய்கிறது. கனமான துகள்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கின்றன. இதற்கு நிலைமம் என்று பெயர். துகள்கள் பின்தங்க, கூழ் சறுக்க, அடியில் உள்ள நுண்மயிர்கள் வளைகின்றன. வளைந்ததும் மூளைக்குத் தகவல் போகிறது. புல்லட் ரயில் சீராக ஓடும்போது துகளும் தலையும் ஒரே வேகத்தில் போவதால் மயிர் வளைவதில்லை, தகவலும் இல்லை. அதனால்தான் தூக்கம்.

சரி, வயிறு? ரோலர் கோஸ்டர் உச்சியிலிருந்து விழும்போது அடிவயிற்றில் ஒன்று மேலே எழும்புமே, அது என்ன? இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எனக்கு இயற்பியலில் மிகவும் பிடித்த இடம் இது.

இப்போது நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பூமி உங்களைக் கீழே இழுக்கிறது. ஆனால் அந்த இழுப்பு உங்களுக்குத் தெரிவதில்லை. நாற்காலி உங்களைத் திருப்பி மேலே தள்ளுகிறதே, அந்தத் தள்ளல்தான் உங்களுக்கு எடையாகத் தெரிகிறது. இப்போது நாற்காலியும் உங்களோடு சேர்ந்து விழுந்தால்? அது உங்களைத் தள்ள முடியாது. தள்ளல் இல்லையென்றால் எடை உணர்வும் இல்லை. உங்கள் இரைப்பையையும் குடலையும் எப்போதும் கீழே தாங்கிப் பிடித்திருக்கும் தசைகளுக்கும் அந்த நொடியில் வேலை இல்லாமல் போகிறது. உறுப்புகள் லேசாக மிதக்கின்றன. வயிறு எழும்பியதுபோல் இருப்பது அதனால்தான்.

விண்வெளி வீரர்கள் மிதப்பதற்கும் இதே காரணம்தான். அங்கே ஈர்ப்பு விசையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அந்த உயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் வீரர்களும் சேர்ந்து ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் மிக அதிகம் என்பதால் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றி வருகிறார்கள். ரோலர் கோஸ்டரில் நமக்கு ஓரிரு நொடி கிடைப்பது அவர்களுக்கு மாதக்கணக்கில் கிடைக்கிறது.

வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் சின்னத் துளை போடுங்கள். துளையை விரலால் அடைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். மூடி வேண்டாம். விரலை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சும். அப்படியே பாட்டிலைக் கீழே ஒரு வாளிக்குள் விட்டுவிடுங்கள். விழுகிற அந்தக் கணத்தில் தண்ணீர் பீய்ச்சுவது நின்றுவிடும். பாட்டிலும் தண்ணீரும் ஒன்றாக விழுவதால் தண்ணீருக்குத் துளையை அழுத்த எடை இல்லை. பெரியவர் யாராவது செல்போனில் மெதுவேகப் படமாக எடுத்துக் கொடுத்தால் தெளிவாகத் தெரியும்.

மறுபடி தண்டர் டால்ஃபினுக்கு வருவோம். அந்த வண்டியில் இன்ஜின் கிடையாது. தொடக்கத்தில் உச்சிவரை இழுத்துக்கொண்டு போய் விடுவதோடு சரி. மற்றதெல்லாம் உயரத்தில் சேமித்த நிலை ஆற்றல், இயக்க ஆற்றலாக மாறுவதுதான். எவ்வளவு உயரம் இறங்கினால் 130 கிலோமீட்டர் வேகம் வரும்? 130 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 36 மீட்டர். 36ஐ 36ஆல் பெருக்குங்கள், 1296. அதைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இரண்டு மடங்கான 19.6ஆல் வகுத்தால் 66 வருகிறது. ஆக, 66 மீட்டர் இறங்கினால் போதும். காற்றும் உராய்வும் தின்றுவிடும் பங்குக்கு இன்னும் சற்று. 80 மீட்டர் உயரத்தில் அது தாராளமாக அடங்கும்.

இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருப்பதைக் கவனித்தீர்களா? வண்டியின் எடை எங்கேயும் வரவில்லை. எங்களில் கனமானவன் வங்கிக்காரன். தன் பாரத்தால்தான் வண்டி அப்படிப் பாய்ந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தான். கணக்கைப் போட்டுக் காட்டினேன். காற்றின் தடையையும் சேர்த்துக்கொண்டால் கனமான வண்டிக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. அதை அவனிடம் சொல்லவில்லை.

விழும் வண்டி தண்டவாளத்தை விட்டு எழும்பிவிடாதா என்றும் கேட்டான். அதற்காகத்தான் ரோலர் கோஸ்டர் சக்கரங்கள் மூன்று விதமாக இருக்கின்றன: தண்டவாளத்தின் மேலே உருள்பவை, பக்கவாட்டில் அணைத்து உருள்பவை, அடியில் பிடித்து உருள்பவை. அடிச்சக்கரத்துக்கு 1919இல் காப்புரிமை வாங்கியவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். அதற்குப் பிறகுதான் செங்குத்தான சரிவுகளைத் துணிந்து கட்ட ஆரம்பித்தார்கள்.

இப்போது அந்த ராட்டினம். அதன் பெயர் பிக் ஓ. சாதாரண ராட்டினத்தில் நடுவில் அச்சு, அதிலிருந்து விளிம்புவரை ஆரக்கால்கள் அல்லது கம்பிகள் இருக்கும். வளையம் நசுங்காமல் வட்டமாக நிற்பது அவற்றால்தான். பிக் ஓவில் அவை எதுவுமே இல்லை. வெறும் வளையம்தான். வளையத்தையே தடிமனாகவும் விறைப்பாகவும் செய்து, உருளைகள்மேல் தாங்கி, விளிம்பிலிருந்தே சுழற்றுகிறார்கள். 60 மீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு 15 நிமிடம். அப்படியானால் பெட்டியின் வேகம் நொடிக்கு வெறும் 21 சென்டிமீட்டர். சில பெட்டிகளில் கரோக்கி மைக் வைத்திருக்கிறார்கள். இந்த வேகத்தில் பாட்டுப் பாட என்ன தடை? ஜன்னலுக்கு வெளியே, வளையத்தின் நடுவே ரோலர் கோஸ்டர் அலறிக்கொண்டு போகும். உள்ளே மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள்.

டோக்கியோ டிஸ்னிலேண்டுக்கும் போனோம். அது டோக்கியோவில் இல்லை. பக்கத்து மாநிலமான சிபாவில், உராயாசு என்ற ஊரில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் இருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே முதலில் வந்த டிஸ்னி பூங்கா அதுதான், 1983இல் திறந்தார்கள். அங்கே உள்ள சிண்ட்ரெல்லா கோட்டையின் உயரம் 51 மீட்டர். பார்த்தால் அதைவிடப் பெரிதாகத் தெரியும். டிஸ்னி கோட்டைகளில் மேலே போகப் போகக் கற்களையும் ஜன்னல்களையும் சிறிதாக்கிக்கொண்டே போவார்கள். சிறிதாகத் தெரிவது தூரத்தில் இருக்கிறது என்று மூளை கணக்குப் போட்டு ஏமாறும். கண்கட்டு வித்தை, அவ்வளவுதான். எனக்கு அங்கே கோட்டையைவிடக் காலுக்கடியில் இருந்த மண்தான் பிடித்தது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் 9 அளவில் பெரும் நிலநடுக்கம் வந்தது. உராயாசுவில் கடலைத் தூர்த்த பகுதிகளில் தெருவெல்லாம் சேறு பொங்கியது. வீடுகள் சாய்ந்தன. சாக்கடைக் குழிகளின் தொட்டிகள் தரைக்கு மேலே எழும்பி நின்றன. தளர்வான மணலில் நீர் ஊறியிருந்தால் அதிர்ச்சியில் இதுதான் நடக்கும். படியில் அரிசி அளக்கும்போது லேசாகத் தட்டினால் அரிசி கீழே இறங்கி நெருங்குமில்லையா, மணலும் அப்படித்தான் நெருங்கப் பார்க்கிறது. ஆனால் இடையில் உள்ள நீருக்கு ஓட இடமில்லை. மணலின் பாரம் முழுக்க நீர்மேல் விழுகிறது. மணல்துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் நீரில் மிதக்கின்றன. திடமான தரை சில நிமிடங்களுக்குக் கூழாகிவிடுகிறது. கூழில் கனமான வீடு அமிழும், உள்ளே காலியான தொட்டி மிதக்கும்.

டிஸ்னி பூங்காவின் வாகன நிறுத்தத்திலும் சேறு வந்தது. ஆனால் கோட்டையும் விளையாட்டுகளும் இருந்த பகுதி தப்பியது. கட்டும்போதே அங்கே நிலத்துக்குள் மணலை ஆழமாகச் செலுத்தி இறுக்கி வைத்திருந்தார்கள். முன்பே நெருங்கிய மணல் மேலும் நெருங்காது. சோதித்துப் பார்த்த பிறகு, சுமார் ஒரு மாதத்தில், பூங்காவைத் திறந்துவிட்டார்கள். பொறியாளன் கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையைப் படம் எடுத்தான். போகிறவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அவன் முகம் உண்மையில் மலர்ந்தது டோக்கியோ ஸ்கைட்ரீயில்தான். 634 மீட்டர் உயரக் கோபுரம், 2012இல் திறக்கப்பட்டது. அடியில் முக்கோணம், மேலே போகப் போக வட்டம். அதன் நடுவில் ஒரு ரகசியம் இருக்கிறது. 8 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் தூண் ஒன்று 375 மீட்டர் உயரம்வரை போகிறது. 125 மீட்டர்வரைதான் அது வெளியே உள்ள எஃகுச் சட்டத்தோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. அதற்கு மேலே தூணும் சட்டமும் தனித்தனி. இடையில் எண்ணெய் நிரம்பிய அதிர்வு தாங்கிகள் மட்டும் உண்டு.

நிலம் நடுங்கினால் எஃகுச் சட்டம் தன் தாளத்தில் ஆடும். கனமான தூண் வேறொரு தாளத்தில் ஆடும். சட்டம் இடப்பக்கம் போகும்போது தூண் கூடவே போகாமல் பின்தங்கி அதை இழுத்துப் பிடிக்கும். நடுவில் உள்ள எண்ணெய் அந்த மல்லுக்கட்டை வெப்பமாக மாற்றிவிடும். காதுக்குள் பின்தங்கும் துகளுக்கும் கோபுரத்துக்குள் பின்தங்கும் தூணுக்கும் ஒரே விதிதான். நிலநடுக்க ஆட்டத்தை இந்த ஏற்பாடு பாதிவரை குறைக்கும் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. அதற்குப் பரீட்சை கோபுரம் முடிவதற்கு முன்பே வந்தது. மார்ச் 11 அன்று கோபுரம் இன்னும் முழு உயரத்தை எட்டவில்லை. குலுங்கியது, நின்றது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 18 அன்று, 634 மீட்டரைத் தொட்டுவிட்டார்கள்.

நடுத்தூண் யோசனை பழையது. ஜப்பானியக் கோயில்களின் ஐந்தடுக்குக் கோபுரங்களில் நடுவே ஒரு மரத்தூண் இப்படி நிற்கும். நாரா பக்கத்தில் ஹோர்யூஜி கோயிலில் அப்படிப்பட்ட மரக்கோபுரம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் நிற்கிறது. ஸ்கைட்ரீக்குப் பக்கத்திலேயே அசகுசாவிலும் ஓர் ஐந்தடுக்குக் கோபுரம் உண்டு. பழசு என்று நம்பி ஏமாந்துவிடாதீர்கள். அது 1973இல் கான்கிரீட்டில் கட்டியது.

ஸ்கைட்ரீ லிஃப்ட் 350 மீட்டர் உயரத்துக்கு ஏற எடுத்துக்கொள்வது சுமார் 50 நொடி. அதிகபட்ச வேகம் நொடிக்கு 10 மீட்டர். முழு வேகத்திலேயே போயிருந்தால் 35 நொடி போதுமே, மீதி 15 நொடி எதற்கு? மெல்ல வேகம் பிடிக்கவும் மெல்ல நிற்கவும்தான். வேகம் சீராகக் கூடுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், புறப்படும்போது 40 கிலோ எடையுள்ள பிள்ளை ஏறக்குறைய 43 கிலோவாகத் தோன்றும். நிற்கப்போகும்போது 37. அவ்வளவு சிறிய மாற்றம் என்பதால்தான் யாரும் கூச்சல் போடுவதில்லை. காது மட்டும் அடைத்துக்கொள்ளும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 4 சதவீதம் குறைவு. எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும், டாக்டர் சொன்னது.

450 மீட்டரில் உள்ள இன்னொரு தளத்திலிருந்து அடிவானம் சுமார் 76 கிலோமீட்டர் தூரத்தில் தெரியும். மீட்டர் கணக்கில் உயரத்தின் வர்க்கமூலத்தை எடுத்து 3.57ஆல் பெருக்கினால் இது கிடைக்கும், உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கும் போட்டுப் பாருங்கள். ஃபுஜி மலை சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அப்படியும் தெரியும். 3776 மீட்டர் உயரமல்லவா, அடிவாரம் மறைந்தாலும் தலை மறையாது. நாங்கள் போன அன்று மூட்டம், மலையைக் காணோம்.

அந்த 450 மீட்டர் தளத்தில் விஞ்ஞானிகள் ஒரு கடிகாரத்தைக் கொண்டுபோய் வைத்த கதையோடு முடிக்கிறேன். 1907இல், சுவிட்சர்லாந்தில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைனுக்கு ஒரு யோசனை வந்தது: விழுகிறவன் தன் எடையை உணரமாட்டான். நாம் ரோலர் கோஸ்டரில் பார்த்த அதே விஷயம். தன் வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியான எண்ணம் அது என்று பின்னால் சொன்னார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய் 1915இல் பொதுச் சார்பியல் கொள்கையில் முடித்தார். அது சொல்லும் விசித்திரங்களில் ஒன்று, ஈர்ப்பு அதிகமான இடத்தில் காலம் மெதுவாகப் போகும் என்பது. தரையைவிட மாடியில் கடிகாரம் வேகமாக ஓடவேண்டும்.

ஜப்பானிய விஞ்ஞானி ஹிடெதோஷி கதோரியின் குழு ஸ்ட்ரான்ஷியம் அணுக்களால் இயங்கும் மிக நுட்பமான இரண்டு கடிகாரங்களைச் செய்தது. ஒன்றை ஸ்கைட்ரீயின் தரையிலும் மற்றொன்றை 450 மீட்டர் தளத்திலும் வைத்தார்கள். முடிவு 2020இல் வெளியானது. மேலே இருந்த கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் 4 நானோ நொடி வேகமாக ஓடியது. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் நான்கு பங்கு. ஐன்ஸ்டைன் கணக்கும் அதேதான். எண்பது ஆண்டு அந்தத் தளத்திலேயே குடியிருந்தால், தரையில் இருப்பவரைவிட ஒரு நொடியில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக வயதாகியிருக்கும். "அதுக்கு வட்டி உண்டா?" என்றான் வங்கிக்காரன்.

கடிகாரச் சோதனையை நம்மால் செய்ய முடியாது. லிஃப்ட் சோதனையைச் செய்யலாம். எடை பார்க்கும் மெஷின் ஒன்றை லிஃப்டுக்குள் வைத்து, ஒரு பெரியவர் துணையோடு அதன்மேல் ஏறி நில்லுங்கள். புறப்படும்போதும் நிற்கும்போதும் எடை எவ்வளவு காட்டுகிறது என்று, மேலே போகையிலும் கீழே வருகையிலும் தனித்தனியாகக் குறித்து எங்களுக்கு எழுதுங்கள். முள் உள்ள பழைய மெஷினாக இருக்கட்டும். டிஜிட்டல் மெஷின்களில் பல, எண்ணைப் பிடித்து நிறுத்திவிடும்.